முப்பத்தைந்தாவது மஞ்சப்பை

2006ஆம் ஆண்டு, பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை "இந்த வருஷம் செயலாராய்ச்சிக்கு யார் பேர் தர்றீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். கைசர் ஜஹான் மட்டும் நிமிர்ந்து, சத்தம் போட்டபடி சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். நிமிர்ந்திருந்த ஒரே தலை அதுதான் என்பதால் அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அடி அண்ணாமலை நடுநிலைப் பள்ளியில் அவள் ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவு ஆசிரியை. வயது முப்பத்தொன்பது. பதினைந்து வருடமாக டவுனிலிருந்து பஸ் ஏறி வந்து பாடம் நடத்துகிறவள். செயலாராய்ச்சி என்றால் ஆசிரியரே தன் வகுப்பை ஆராய்வது: ஒரு குறையைக் கண்டுபிடித்து, ஒரு வழியைச் செய்து பார்த்து, அளந்து, அறிக்கை எழுத வேண்டும். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்து விரிவுரையாளர் ராஜேந்திரன் தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். 'மின்னணு மாணவர் தொகுப்பு.'

"ஒண்ணும் பயப்படாதீங்க டீச்சர்" என்றார். "மார்க் மட்டும் போட்டா குழந்தை எப்படி வளருதுன்னு தெரியாது இல்ல? அதுக்குத்தான். அது எழுதுறது, வரையறது, வாசிக்கிறது எல்லாத்தையும் மாசாமாசம் கம்ப்யூட்டர்ல சேர்த்து வைங்க. அதுவே தன்னோடதப் பார்க்கட்டும், கேட்கட்டும். வாசிப்பு ஏறுதானு பாருங்க."

பள்ளிக்கு முந்தைய வருடமே மூன்று கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப்பொட்டு காய்ந்து உதிர்ந்தும் உதிராமலும், துணி போர்த்தியபடி தலைமையாசிரியை அறையில் அவை இருந்தன. கைசர் ஜஹான் துணியை எடுத்தாள். நோட்டுகளைப் படம் பிடிக்கக் கேமரா வேண்டியிருந்தது. அவள் கணவர் பக்ருதீன் தேரடித் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாண வேலை இல்லாத நாட்களில் எடுத்துக்கொள்ளலாம் என்று புது டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தார். அதைக் கழுத்தில் மாட்டிவிட்டு, பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

ஆராய்ச்சிக்கு ஒப்பீட்டு வகுப்பு ஒன்றும் தேவை. அங்கே புதிதாக எதுவும் செய்யக் கூடாது. வருடத் தொடக்கத்திலும் கடைசியிலும் இரண்டு வகுப்பின் வாசிப்பையும் அளந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த வகுப்பாக 'ஆ' பிரிவு அமைந்தது. அதன் ஆசிரியர் முருகையன்.

"நான் இன்னா பண்ணணும் டீச்சர்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது சார். வழக்கம்போல இருக்கணும். அதான் உங்க வேலை."

முருகையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வேலைய எவனும் எனக்குக் குடுத்ததில்ல" என்று மனம் நிறைந்து சொன்னார்.

முதல் நாள் முப்பத்து நான்கு பிள்ளைகளும் வரிசையில் வந்து, கீபோர்டில் எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் பெயரைத் தட்டினார்கள். ஒரு பெயர் அடிக்க நாலு நிமிஷம் ஆனது. 'கவிநிலா' என்று அடித்து முடித்த சிறுமி திரையில் தெரிந்த மஞ்சள் நிற ஃபோல்டரை விரலால் தொட்டாள்.

"டீச்சர், இது மஞ்சப்பை."

அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயர். தொகுப்பு என்று யாரும் சொல்லவில்லை. "என் மஞ்சப்பையில அந்த மயில் படத்தப் போடுங்க டீச்சர்", "அவன் மஞ்சப்பையில மட்டும் மூணு இருக்குது" என்று வகுப்பில் சண்டை நடந்தது. அறிக்கையில் மட்டும் கைசர் ஜஹான் மின்னணு மாணவர் தொகுப்பு என்றே எழுதினாள்.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையும் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு நிமிஷம் வாசிக்கும். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வாள். பிறகு அந்தப் பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொண்டு போன மாதத்து வாசிப்பையும் இந்த மாதத்து வாசிப்பையும் கேட்டு, என்ன மாற்றம் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது ராஜேந்திரன் போட்ட விதி. "இது என் கொரல் மாதிரி இல்ல." "நடுவுல ஆடு கத்துது." "ஆடு இந்த மாசம் கத்தல." இப்படித்தான் மூன்று மாதம் போனது. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் மைக்செட் கட்டிவிடுவார்கள். அன்றைக்குப் பதிவு செய்தால் பிள்ளை வாசிப்பதைவிடப் பாட்டுத்தான் ஓங்கிக் கேட்கும். அதனால் அந்த நாட்களில் மயில் வரைந்தார்கள்.

அக்டோபரில் கவிநிலாவின் முறை வந்தது. அவள் அம்மா சந்திரம்மாள் கிரிவலப் பாதையில் கூழ்க் கடை வைத்திருந்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பழகிய பிள்ளை என்பதால் கவிநிலாவுக்குச் சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்கத் தெரியாது. ஐந்து மாத வாசிப்பையும் கண்ணை மூடிக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னம்மா மாற்றம் தெரியுது?"

"இதுல நான் கம்மியா இருக்கேன் டீச்சர். நீங்கதான் ஜாஸ்தியா இருக்கீங்க."

"எந்த மாசத்துல?"

"எல்லா மாசத்துலயும்."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற அன்பரசன், அது தெரிந்த விஷயம்தானே என்பதுபோலத் தலையாட்டினான். விதிப்படி கைசர் ஜஹான் அதை அப்படியே எழுதினாள். 'நீங்கதான்' என்ற சொல்லில் பேனா கொஞ்சம் நின்றது.

சனிக்கிழமை காலை அவள் பள்ளிக்கு வந்து தனியாக உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். முதலில் கவிநிலாவின் ஜூன் மாதம்.

"மழை நின்றதும் தவ..."

"தவளைகள்."

"தவளைகள் குள..."

"குளக்கரையில். சேர்த்துப் படிம்மா. நிமிர்ந்து உட்காரு. ம், குளக்கரையில் கூ...?"

"கூ..."

"கூட்டமாக. வெரி குட்."

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து நொடி முள்ளைப் பார்த்துக் குறித்தாள். அறுபது நொடியில் இருபத்து மூன்று நொடி அவள் குரல். பிள்ளை தடுமாறியதும் எவ்வளவு நேரம் பொறுத்தாள் என்று பார்த்தாள். ஒரு நொடி. சில இடத்தில் ஒன்றரை. இரண்டு நொடி எங்கேயுமே இல்லை.

அந்தக் குரல் கடுமையாக இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கோபத்தில் பேசிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது அன்பான குரலாக இருந்தது. சோற்றைப் பிசைந்து, பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே ஊட்டிவிடுகிற குரல். பிள்ளைகள் மேல் பிரியமான டீச்சர் என்று பார்வைக்கு வந்த அதிகாரிகள் எல்லாம் எழுதிவிட்டுப் போனது இந்தக் குரலைக் கேட்டுத்தான். எட்டாவது பதிவு வரை அவளுக்கு முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒன்பதாவது அன்பரசனுடையது. அதில் பாடம் முழுவதையும் அவளே ஏற்ற இறக்கத்தோடு அழகாக வாசித்திருந்தாள். அன்பரசன் பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை: "ஆமாங்க டீச்சர்."

கைசர் ஜஹான் ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்ருதீனிடம் கேட்டாள். "ஏங்க, நான் ரொம்பப் பேசறனா?"

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த பக்ருதீன் கையை நிறுத்தினார். "இப்பவே பதில் சொல்லணுமா, இல்ல யோசிச்சு..."

"இதுல என்ன யோசனை வேண்டியிருக்குது? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

பக்ருதீன் மறுபடி லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை, பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கம்ப்யூட்டரில் முப்பத்தைந்தாவது மஞ்சப்பையைத் திறந்து அதில் தன் பெயரை அடித்து, தன் குரல் விழுந்திருந்த ஜூன் மாதத்துப் பதிவுகளையும் போட்டாள்.

"டீச்சர் ஜாஸ்தியா பேசுறாங்கன்னு கவிநிலா கண்டுபிடிச்சிருக்கு. இனிமே யாராவது வாசிக்கிறப்போ தடுமாறினா, நான் வாயத் திறக்கிறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் பொறுக்கணும்?"

"நூறு" என்றான் ஒருவன். பேரம் பேசிப் பத்துக்கு வந்தார்கள். வகுப்பே சத்தம் போடாமல் விரல் மடக்கி எண்ண வேண்டும். பத்து விரலும் மடங்கிய பிறகுதான் டீச்சர் பேசலாம். அதற்கு முன்னால் பேசினால் அது அவள் மஞ்சப்பையில் தவறாகக் குறிக்கப்படும்.

முதல் நாள் அரை மணிக்குள் பதினோரு தவறு. மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு கிராம்பு கொண்டுவந்து, வாசிப்பு நேரத்தில் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள். வாயில் ஒன்று இருந்தால் பேச்சு வராது என்று ஒரு நம்பிக்கை.

அன்பரசன் எழுந்தான். "மரம் நிறையப் பலம்..." என்று வாசித்தான். பழம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. அன்பரசனும் நின்றுவிட்டான். அடுத்த சொல்லைப் பார்த்தான். விரல்கள் மடங்கின. நாலு. ஐந்து. வெளியே பஸ் ஹாரன் அடித்துப் போனது. ஆறு. ஏழு. அன்பரசனின் விரல் வரியில் பின்னால் நகர்ந்தது.

"பலம் இல்ல" என்றான் தனக்குத்தானே. "பழம். மரம் நிறையப் பழம் பழுத்துத் தொங்கியது."

அடுத்த வரிக்குப் போய்விட்டான். அவனுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. கைசர் ஜஹான்தான் அசந்து நின்றாள். தவறைத் தானே பார்த்து, தானே திரும்பி வந்து, தானே திருத்திக்கொள்ள ஒரு பிள்ளைக்கு முடியும் என்பதை இந்தப் பதினைந்து வருடத்தில் அவள் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க நேரம் விட்டதில்லை. அவள் கண்ணில் நீர் வந்தது.

"டீச்சர் அழுவுறாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"இல்லடா. கிராம்பக் கடிச்சிட்டேன்" என்றாள். இரண்டுமே உண்மை.

நவம்பரில் அவள் குரல் அறுபது நொடியில் பதினான்கானது. டிசம்பரில் ஒன்பது. பிள்ளைகள் அவள் பதிவுகளைக் கேட்டு அவள் மஞ்சப்பையில் கருத்து எழுதினார்கள். 'டீச்சர் முன்னேற்றம் பரவாயில்லை.' 'கணக்குப் பாடத்தில் இன்னும் அதிகம் பேசுகிறார்.' 'வெரி குட் சொல்வதைக் குறைக்கவும்.' வாசிப்பு மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. அறிக்கைக்குக் கட்டம் போட்டு எண்களை நிரப்பும்போது அவளுக்குப் பாடத் தோன்றியது.

கார்த்திகை தீப விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள், முருகையன் அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், உங்க பசங்க என் பசங்ககிட்ட இன்னாத்த சொல்லி வெச்சாங்க? நான் கேள்வி கேட்டுட்டு வாயத் தொறந்தா எதிர்ல முப்பத்தோரு ஜோடி கை எழும்புது. வெரல மடக்கி எண்ணிக்கினே இருக்குதுங்க."

கைசர் ஜஹான் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "சார், உங்க வகுப்புல எதுவும் மாறக் கூடாதே. ஒப்பீட்டு வகுப்பாச்சே."

"நான் எங்க டீச்சர் மாத்தினேன்? நான் ஒண்ணும் பண்ணல. அதுங்களா பண்ணுதுங்க. சோறு துன்ற நேரத்துல உங்க பசங்க கத்துக் குடுத்திருக்குது." அவர் போகத் திரும்பியவர் நின்றார். குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. என் வகுப்புல மணிமொழின்னு ஒரு பொண்ணு. ஜூன் மாசத்துலேர்ந்து வாயத் தொறந்ததில்ல. நேத்து ஒரு கழித்தல் கணக்கு. எட்டாவது வெரலு மடங்குறப்போ எழுந்துச்சு. அது சொன்ன வழி எனக்கே தெரியாது டீச்சர். ரெண்டு தடவ போட்டுப் பார்த்தேன். சரியா வருது."

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். ஆராய்ச்சி முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத்தான் இருந்தது. 'ஆ' பிரிவில் அந்தப் பழக்கத்தை மார்ச் வரை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும், அறிக்கை நிற்கும், ராஜேந்திரன் சார் முகம் மலரும். ஆனால் முப்பத்தொரு பிள்ளைகளிடம் போய், நீங்கள் யோசிப்பதை மார்ச் வரைக்கும் நிறுத்தி வையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ரமணாசிரமத்தைத் தாண்டும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். ஆராய்ச்சி கெட்டால் கெடட்டும். முடிவு செய்ததும் பசித்தது. பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு வடை வாங்கித் தின்றபடி வீட்டுக்கு நடந்தாள்.

ஜனவரியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள். இந்த முறை மஞ்சப்பையைப் பார்க்க இருபத்தெட்டுத் தாய்மார் வந்தார்கள். சந்திரம்மாள் தலையில் கவிநிலா ஹெட்போனை மாட்டிவிட்டாள். காது அடைத்துக்கொண்டதில் தான் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று சந்திரம்மாளுக்குத் தெரியவில்லை.

"இது எம் பொண்ணா? எம் பொண்ணா இப்படிப் படிக்குது?" என்று அவள் கேட்டது பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. எட்டாம் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கவிநிலா வெட்கத்தில் அம்மாவின் வாயைப் பொத்தப் போனாள்.

"டீச்சரம்மாதும் இதுல இருக்குதாமே, அத்தப் போடு."

கைசர் ஜஹான் தடுப்பதற்குள் கவிநிலா முப்பத்தைந்தாவது மஞ்சப்பையைத் திறந்துவிட்டாள். சந்திரம்மாள் ஜூன் மாதத்தைக் கேட்டாள். டிசம்பரைக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் இப்படித்தான் டீச்சரம்மா. ஸ்கூல்ல இன்னா நடந்துச்சுன்னு கேப்பேன், அது வாயத் தொறக்கிறதுக்குள்ள நானே சொல்லிடுவேன். கவிநிலா சொன்ன அந்தக் கிராம்பு எனக்கும் ஒண்ணு இருந்தாக் குடுங்க."

அறையே சிரித்தது. கைசர் ஜஹான் தன் பையிலிருந்த சின்ன டப்பாவைத் திறந்து நீட்டினாள். நாலு தாய்மார் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் வேங்கிக்காலில் ஒரு கூட்ட அரங்கில் ஆய்வு அரங்கேறியது. மாவட்டம் முழுவதிலுமிருந்து நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். கைசர் ஜஹான் தன் கட்டத்தைத் திரையில் போட்டாள். 'அ' பிரிவு நிமிஷத்துக்கு முப்பத்தொரு சொல்லிலிருந்து ஐம்பத்தெட்டு சொல்லுக்கு ஏறியிருந்தது. ஒப்பீட்டு வகுப்பு முப்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்தேழுக்கு ஏறியிருந்தது. மறைக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னாள். இருபத்து மூன்று நொடியையும் சொன்னாள். பின்வரிசையில் முருகையன் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த ஒப்பீட்டு வகுப்பு நான்தான். நான் ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜேந்திரன் எழுந்தார். "ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறியிருக்கு. அப்போ கம்ப்யூட்டர் தொகுப்பால பிரயோஜனம் இல்லனு எழுதிடலாமா டீச்சர்?"

"அப்படியும் எழுத முடியாது சார். அது இல்லனா என் குரல நான் கேட்டிருக்கவே மாட்டேன். பிள்ளைங்க மாறுதானு பார்க்க வெச்சோம். முதல்ல மாறினது நான். எதனால எவ்ளோ ஏறிச்சுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல."

ராஜேந்திரன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினார். அறிக்கையின் பக்கங்களைப் புரட்டினார். அவருக்கு உதவியாக எடுத்துக்கொடுக்க அவளிடம் இரண்டு வாக்கியம் தயாராக இருந்தது. அவள் பேசாமல் நின்றாள்.

"விதிப்படி, கருதுகோள் நிரூபிக்கப்படவில்லைனுதான் எழுதணும்" என்றார் கடைசியில். "எழுதுங்க. அதுக்குக் கீழ நீங்க இப்ப சொன்னத ஒரு பத்தியா எழுதுங்க." உட்காரப் போனவர் நிமிர்ந்தார். "சின்னப் பத்தியா எழுதிடாதீங்க. பெருசாவே எழுதுங்க."

தேநீர் இடைவேளையில் செங்கம் பக்கத்து ஆசிரியை ஒருத்தி மெதுவாக அவள் அருகில் வந்து, மைக்கை எங்கே வைத்தால் தன் குரல் தெளிவாக விழும் என்று கேட்டாள். சாப்பாட்டு வரிசையில் மேலும் ஐந்து பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் முப்பது வருடம் சர்வீஸ் ஆனவர். தன் குரலைத் தான் கேட்டால் மட்டும் போதும், வேறு யாரும் கேட்கத் தேவையில்லையே என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஏப்ரலில் ஒரு வேலை மிச்சமிருந்தது. பிள்ளைகள் மஞ்சப்பையை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்றார்கள். யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் அரசு கொடுத்த கலர் டிவியும் சிடி பிளேயரும் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்தன. டிவியில் ஓடுகிற மாதிரி மாற்றித் தருவதாகப் பக்ருதீன் ஏற்றுக்கொண்டார். ஒரு வாரம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்தார். முதல் சிடியைப் போட்டுப் பார்த்த கைசர் ஜஹான் திகைத்துப்போனாள். திரையில் மேலிருந்து ரோஜாப்பூ கொட்டியது. இரண்டு அன்னப்பறவை நீந்தி வந்தது. இதய வடிவச் சட்டத்துக்குள் அன்பரசனின் கணக்கு நோட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது.

"என்னங்க இது?"

"என்கிட்ட இருக்கிறது எல்லாம் கல்யாண டிசைன்தான். நாதஸ்வரத்த எடுத்துட்டேன். இதயத்த எடுத்தா படம் நிக்க மாட்டேங்குது."

அவள் சொல்ல வாயெடுத்து, பிறகு சிரித்துக்கொண்டே மீதி சிடிகளை எண்ணிப் பைக்குள் வைத்தாள்.

பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த டிசைன் வேறு இருந்திருக்காது. 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் எங்களுக்கு எங்கே என்று அழ ஆரம்பித்தன. முருகையன், ஒண்ணும் பண்ணாத வேலை முடிந்துவிட்டதல்லவா என்று கேட்டுவிட்டு, கடைசி வாரம் முழுக்க முப்பத்தொரு பேரையும் மைக் முன்னால் உட்கார வைத்துப் பதிவு செய்தார். மணிமொழி தன் கழித்தல் வழியை ஒரு நிமிஷம் விளக்கினாள். அதற்கும் ரோஜாப்பூ கொட்டியது.

கடைசி வேலை நாள் மத்தியானம் சந்திரம்மாள் விடாமல் கூப்பிட்டதால் கைசர் ஜஹான் அவள் வீட்டுக்குப் போனாள். அக்கம்பக்கத்தார் பதினைந்து பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒரு சொம்பு கூழைக் கொடுத்து அவளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். அன்னப்பறவை வந்தது. ஜூன் மாதத்துக் கவிநிலா திக்கித் திக்கி வாசித்தாள். பூ கொட்டியது. மார்ச் மாதத்துக் கவிநிலா அதே பாடத்தை, கதை சொல்கிற மாதிரி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். தவளைகள் குளக்கரையில் கூட்டமாகக் கத்தின என்று வந்தபோது, முன்னால் இருந்த ஒரு குழந்தை தவளை மாதிரியே கத்திக் காட்டியது.

முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள் சந்திரம்மாள். "மொதல்லேர்ந்து போடு. அந்தப் பூவுலேர்ந்து."

கவிநிலா எழுந்துபோய் மறுபடியும் போட்டாள்.